காணாமையும் இன்மையும்

‘உண்டு’ என்னும் சொல்லுக்கும் ‘இல்லை’ என்னும் சொல்லுக்கும் இடையிலுள்ள தூரம் இலக்கணத்திற் சிறியது. அறிவு நெறியில் மிகப் பெரியது. ஒரு கடற்கரையில் ஒரு பறவை உண்டு என்பதை நிலைநாட்டுவதற்கு, ஒரு காலைப் பொழுதில் ஒருவர் அதனை ஒரு முறை தெளிவாகக் கண்டாற் போதும். அப்பறவை அங்கு இல்லை என்பதை நிலைநாட்டுவதற்கு எத்தனை காலைகள் வேண்டும்? எத்தனை பேர் வேண்டும்? எந்த நாளில், எந்தச் சேற்றுத்தரையின் விளிம்பில் நின்று, ‘இனித் தேட வேண்டியதில்லை’ என்று ஒருவர் தமது தொலைநோக்கியை உறையிலிடலாம்?

இவ்வினா பறவையியலார்க்கு மட்டும் உரியதன்று. ஒன்றை இல்லையென்று கூறும் உரிமை எப்போது பிறக்கின்றது என்பது அளவையியலின் வினா. அவ்வாறு கூறுவதால் விளைவனவற்றுக்கு யார் பொறுப்பு என்பது அறவியலின் வினா. இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களுள் ஒன்றாக, கரையோரங்களில் அரிய பறவைகளைத் தேடும் முயற்சி அமைந்துள்ளது. அம்முயற்சியின் வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டினை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை நோக்குதல் பயனுடைத்து.

கோட்டான் என்னும் பெயர் ஆந்தையையும் குறிக்கும். ஈண்டுக் கருதப்படுவது அவ்வாந்தையன்று. நெடிய கால்களும், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகும் உடைய கரைப்பறவையே ஈண்டுக் கோட்டான் எனப்படுகின்றது. வற்றுக் காலத்திற் சேற்றினுள் அலகைச் செலுத்திப் புழுவையும் சிறு நண்டையும் தேடி உண்ணும் இவ்வினப் பறவைகளுட் சில, வாடைக்காற்றின் பருவத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் மன்னார்க் கரையிலும் வந்து தங்குவதுண்டு. இவற்றின் நெருங்கிய உறவினமொன்றே மெல்லலகுக் கோட்டான். அதன் வழி நமது கரைகளை நோக்கி அமையவில்லை. சைபீரியப் பகுதியிலிருந்து மேற்கும் தென்மேற்குமாகப் பறந்து, கிழக்கு ஐரோப்பாவைக் கடந்து, மத்தியதரைக் கடலின் கரைகளிலும் வட ஆபிரிக்காவிலும் அது குளிர்காலத்தைக் கழித்தது.

1817 இல் வியேயோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இப்பறவைக்கு விஞ்ஞானப் பெயர் இட்டார். அது கூடு கட்டியமைக்கு இன்றுள்ள சான்றுகள், ஒம்ஸ்க் பிரதேசத்திலுள்ள தாரா என்னும் ஊரின் அயலிலே, 1909 க்கும் 1925 க்கும் இடையில், உஷாக்கோவ் என்ற ஒருவர் கண்டெழுதியவை மட்டுமே. அதன் பின்னர் எவரும் அதன் கூட்டைக் கண்டிலர். மொறோக்கோவின் அத்திலாந்திக் கரையிலுள்ள மேர்ஜா சேர்கா என்னும் கடனீரேரிக்கு ஆண்டுதோறும் வந்த சில பறவைகளே ஐயத்திற்கிடமின்றிக் காணப்பட்ட இறுதிப் பறவைகளாயின. 1995 பெப்ரவரி 25 இல் அங்கு ஒரு பறவை புகைப்படம் எடுக்கப்பட்டது. அதற்குப் பிந்திய எந்தக் காட்சியும் மறுக்கமுடியாத சான்றைப் பெறவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்து, 2025 ஒக்ரோபரில், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் தனது சிவப்புப் பட்டியலில் இப்பறவையை அற்றுப்போனதென அறிவித்தது.

1995 க்கும் 2025 க்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அப்பறவை உண்டா, இல்லையா? இவ்விடையீட்டில் ‘இல்லை’ என்று கூறியிருப்பின் அது அறிவாகுமா, அன்றி வெறும் ஊகமாகுமா?

தமிழ்மரபு இவ்வினாவைப் புதிதாகச் சந்திக்கவில்லை. மணிமேகலையில் அளவைவாதி தன் கொள்கையைக் கூறுமிடத்து எண்ணப்படும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. அபாவமாவது இன்மையை அறிதல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவையியலும் பல்வேறு அளவைகளை எண்ணி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது. வடமொழித் தருக்க நூலார் இது பற்றி நெடுங்காலம் வாதிட்டனர். குமாரில பட்டரின் வழிவந்த மீமாஞ்சகர் காணாமையைத் தனியோர் அளவையாகக் கொண்டனர். பௌத்தராகிய தருமகீர்த்தி அதனை அனுமானத்தின் ஏதுக்களுள் ஒன்றாக அடக்கினார்.

பெயரிலும் வகையிலும் வேறுபட்ட இத்தரப்பினர் ஒரு நிபந்தனையில் ஒன்றுபடுவது கருதத்தக்கது. நிலத்தில் குடம் இல்லை என்று ஒருவன் அறிவது, குடம் அங்கு இருந்திருப்பின் தன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்ற நிலையில் மட்டுமே. இருள் நிறைந்த அறையில் குடத்தைக் காணாதவன், குடம் இல்லை என்று கூற உரிமையற்றவன். இயல்பாகவே கண்ணுக்குப் புலனாகாத பிசாசைக் காணவில்லை என்பதைக்கொண்டு பிசாசு இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. காணத்தக்க பொருள், காணத்தக்க நிலையில், காணப்படாமற் போவதே இன்மைக்குச் சான்றாகும். வெறுங் காணாமை எதற்கும் சான்றாகாது.

மேலே கூறிய சர்வதேச ஒன்றியம் ஓரினத்தை அற்றுப்போனதெனக் கொள்வதற்கு வகுத்துள்ள விதியை இதனோடு ஒப்புநோக்குதல் தகும். கடைசி உயிரும் மடிந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எஞ்சியிருத்தலாகாது. அவ்வினம் வாழ்ந்ததாக அறியப்பட்டதும் வாழக்கூடியதுமான இடங்களில், நாள், பருவம், ஆண்டு ஆகிய மூவகையிலும் உரிய காலங்களில், முற்றிய தேடல் நடந்திருத்தல் வேண்டும். குடத்தைப் பற்றிப் பேசிய பழைய தருக்க நூலாரும், பறவையைப் பற்றிப் பேசும் இன்றைய விஞ்ஞானியரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே நிபந்தனைக்கு வந்து சேர்ந்திருக்கின்றனர்.

இந்நிபந்தனை தவறிய இடத்து நிகழ்வதற்குப் பேர்முடாத் தீவின் கடற்பறவையொன்று நல்ல சான்று. ககௌ என அத்தீவினர் அழைக்கும் அப்பறவை, குடியேறியோரின் வேட்டையாலும் அவர்கள் கொணர்ந்த விலங்குகளாலும் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அழிந்ததென முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்பப்பட்டது. 1951 இல், சிறு பாறைத்திட்டுகள் சிலவற்றில் அதன் பதினெட்டு இணைகள் கூடு கட்டியிருக்கக் கண்டனர். அப்பறவை கடலில் வாழ்வது. இரவில் மட்டும் கரையேறுவது. பாறை வெடிப்பினுட் கூடமைப்பது. பகலிற் கரையைப் பார்த்தவர் கண்ணுக்கு அது இருள் நிறைந்த அறையிலுள்ள குடம் போன்றது. மூன்று நூற்றாண்டுகளாக ‘இல்லை’ என்றோர் பொய் கூறியவரல்லர். காணத்தகாத நிலையிலிருந்ததைக் காணாமல், அக்காணாமையை இன்மையென்று மயங்கினர்.

மெல்லலகுக் கோட்டானைத் தேடியோர்க்கும் இத்தகைய மயக்கத்துக்கு இடமிருந்தது. அதன் கூடுகள் தாராவின் சதுப்பு நிலத்தில் மட்டும் காணப்பட்டமையால், அதன் இனப்பெருக்க நிலம் அதுவே எனப் பல்லாண்டுகள் கொள்ளப்பட்டது. தேடல்களும் அவ்விடத்தையே சுற்றி நடந்தன. பின்னர், நூதனசாலைகளிற் பேணப்பட்ட பழைய பறவைகளின் இறகுகளிலுள்ள ஐதரசனின் சமதானிகளை ஆராய்ந்தோர், அவ்விறகுகளிற் பெரும்பாலானவை அதற்குத் தெற்கே, கசகஸ்தானின் வடபகுதியிலும் அதனையடுத்த ருசியாவின் புல்வெளிகளிலும் முளைத்திருத்தல் கூடும் என்று கண்டனர். அங்ஙனமாயின், தாராவிற் காணாமை ஒரு பறவையின் இன்மைக்குச் சான்றாகாது. தவறான அறையிற் குடத்தைத் தேடியமைக்கே அது சான்றாகும்.

இடத்தைப் போலவே கண்ணும் தவறலாம். மெல்லலகுக் கோட்டானைப் பிற கோட்டான்களிலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. உடலின் சிறுமை, நிறத்தின் வெண்மை, அலகின் மென்மை, விலாப்புறத்துப் புள்ளிகளின் இதய வடிவம் என்னும் நுண்ணிய குறிகளை, தொலைவில், காற்றிலும் கானல் ஒளியிலும், நடந்துகொண்டிருக்கும் பறவையொன்றில் நோக்கித் தேர்தல் வேண்டும். 1998 மே மாதத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கே, நோர்தம்பலாந்திலுள்ள டுருறிட்ஜ் குடாவிற் காணப்பட்ட ஒரு பறவை மெல்லலகுக் கோட்டான் எனப் பலராற் கருதப்பட்டது. நெடிய ஆராய்ச்சியின் பின் பிரித்தானியப் பறவைகளின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து நடந்த மறுபரிசீலனையில், சான்று போதாதென்று அப்பதிவு நீக்கப்பட்டது. அங்கு கூடியோர் நேர்மையற்றவரென எவரும் கூறவில்லை. தேர்ந்த கண்கள் பல ஒரே பறவையை ஒரே கரையில் நோக்கியும் முடிவு நிலைபெறவில்லை என்பதே ஈண்டு அறியத்தக்கது. காண்டல் அளவையும் தனித்து நிற்பதன்று. எதைக் காணவேண்டும் என்ற வேட்கை கண்ணுக்கு முன்னே சென்றுவிடின், கண் அவ்வேட்கைக்கு ஏவல் செய்யத் தொடங்கிவிடும்.

இதுவரை நோக்கியவை அளவையியலின் பாற்பட்டவை. இனி அறத்தின் பக்கம் திரும்பலாம். ‘இல்லை’ என்னும் சொல் உலகை விவரிப்பதோடு நில்லாது உலகை மாற்றவும் செய்யும். ஓரினம் அற்றுப்போனதென அறிவிக்கப்பட்டால், அதற்கென ஒதுக்கப்பட்ட பணமும் காவலும் பிறவற்றுக்குச் செல்லும். அது தங்கிய சதுப்பு நிலத்தைத் தூர்ப்பதற்கு நின்ற தடைகளுள் ஒன்று குறையும். அவ்வினத்தின் சில உயிர்கள் எங்கேனும் எஞ்சியிருந்தால், அவற்றைக் கொன்றது அந்த அறிவிப்பே என்றாகிவிடும். துயின்றவளை இறந்தாளென்று நம்பித் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட நாடகத் தலைவனின் பிழையை இத்தகைய அவசர அறிவிப்புக்கு ஆய்வாளர் ஒப்பிடுவது இக்காரணத்தாலேயே.

ஆயின் ‘இல்லை’ என்று கூறாமலே இருந்துவிடுதல் எப்போதும் நன்றென்று கொள்ளலாமா? அதுவும் பொருந்தாது. நம்பிக்கை என்ற பெயரில் முடிவைத் தள்ளிக்கொண்டே செல்வது, சில வேளைகளிற் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாகிவிடும். அழிவு அறிவிக்கப்படாதவரை, அழித்தது யார், காத்திருக்க வேண்டியவர் எப்போது உறங்கினர் என்னும் வினாக்களும் எழுவதில்லை. மெல்லலகுக் கோட்டானின் வரலாறு இதனை உணர்த்துகின்றது. வேட்டையும், புல்வெளிகள் உழவுக்குட்பட்டமையும், சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டமையும் அதன் குறைவுக்குக் காரணங்களெனக் கருதப்படுகின்றன. அப்பறவையைக் காப்பதற்கான சர்வதேசப் புரிந்துணர்வு உடன்படிக்கை 1994 செத்தெம்பரிலே நடைமுறைக்கு வந்தது. இறுதிப் பறவை காணப்பட்டது அதற்கடுத்த பெப்ரவரியில். உடன்படிக்கைக்கும் இறுதிக் காட்சிக்கும் இடையில் ஆறு மாதமே. இவ்வுண்மை, ‘இல்லை’ என்று ஒப்புக்கொண்ட பின்னரே முழுக் கனத்துடன் நெஞ்சில் இறங்குகின்றது. ‘எங்கேனும் இருக்கலாம்’ என்ற சொல் அக்கனத்தைத் தாங்கிக்கொண்டு, உரியவர் தோளில் அது விழாமற் காத்துநின்றது.

ஆகவே முந்திக் கூறுதலும் பிழை. பிந்திக் கூறுதலும் பிழை. இரண்டனுள் முந்தியதே கொடிது எனலாம். ஏனெனில் பிந்திக் கூறுவோர் பின்னரேனும் திருத்திக்கொள்ளலாம், முந்திக் கூறியதன் விளைவோ மீட்கமுடியாததாகலாம். எனினும் பிந்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைத் தீர்மானிப்பது ஆசையுமன்று, அச்சமுமன்று. செய்யப்பட்ட தேடலின் தரமே. 2009 ஐ அடுத்த ஆண்டுகளில் அப்பறவையின் குளிர்கால நிலங்கள் பலவற்றிலும் நாடுகள் கடந்த தேடலொன்று நடைபெற்றது. பழைய பதிவுகளையும் தேடல்களையும் ஒருங்கே கணித்து, அப்பறவை அற்றுப்போயிருப்பதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 96 என 2024 இல் ஆய்வொன்று வெளிவந்தது. எஞ்சிய நான்கினைக் கொண்டு சிறியதொரு பறவைக் கூட்டம் எங்கேனும் வாழ்கிறதென்று எண்ணிவிடலாகாது. அந்நான்கு மனிதரின் தேடலில் எஞ்சிய குறையின் அளவு. தன் அறியாமையையும் அளந்து கூறும் ‘இல்லை’யே நேர்மையான ‘இல்லை’ எனப்படும்.

இவ்விடத்தில் எளிய நோக்குநரின் குறிப்பேட்டுக்கு உள்ள மதிப்புப் புலனாகின்றது. கரையோரத்தில் நாள் முழுதும் நின்று, தேடிய பறவையைக் காணாது திரும்புபவர், பெரும்பாலும் எதனையும் எழுதுவதில்லை. அரியதைக் கண்டவரே எழுதுகின்றனர்; அவர் பெயரே பேசப்படுகின்றது. ஆயின் ‘இன்ன நாள், இன்ன இடம், வற்றுத் தொடங்கியது முதல் மூன்று மணி நேரம் நோக்கினேன், காணவில்லை’ என்ற வரி இல்லாவிடின், பின்வருவோர் இன்மையை எதனைக் கொண்டு அறிவர்? வெற்றிடமும் பூச்சியமும் ஒன்றல்ல. பூச்சியம், ஒருவர் சென்று நோக்கி எண்ணியதன் விளைவு. வெற்றிடம், எவரும் செல்லவில்லை என்பதன் அடையாளம்.

இலங்கையின் வடகரையைக் கருதுவோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். மத்திய ஆசியப் பறப்புவழியின் தென்முனையிலே மன்னார்க் கரை அமைந்துள்ளது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் ஆண்டுகளிற் பெரும்பகுதி, வடகரையின் தரவைகளும் கடனீரேரிகளும் பறவை நோக்குநர் எளிதிற் சென்றடைய முடியாதனவாயிருந்தன. அக்காலத்துப் பதிவேடுகளில் இக்கரைகளுக்குரிய பக்கங்கள் மெலிந்திருப்பின், பறவைகள் வரவில்லை என்பது அதன் பொருளன்று. ஆண்டுதோறும் வாடையோடு அவை வந்தே இருக்கும். எண்ணுவதற்கு மனிதர் இருக்கவில்லை. மன்னாருக்கு அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ராம்சார்ப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அங்கு வரும் பல்லாயிரம் பறவைகள் போர் முடிந்த பின்னர் புதிதாக வழி கண்டு வந்தவையல்ல. எழுதப்படாத காலத்தை நிகழாத காலமென்று கொள்ளும் வரலாறு பறவைகளுக்கு மட்டுமன்றி மனிதர்க்கும் அநீதி செய்யும்.

மனிதரைப் பற்றிய இக்குறிப்பை இங்கே விட்டுச் செல்லுதல் இயலாது. இந்நாட்டில் ‘காணவில்லை’ என்னும் சொல்லுக்கும் ‘இல்லை’ என்னும் சொல்லுக்கும் இடையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. தம்மவர்க்கு மரணச் சான்றிதழ் பெறுமாறு கேட்கப்பட்டபோது பல தாய்மார் அதனை ஏற்க மறுத்தனர். 2016 இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், இறப்பை உறுதிசெய்யாது, ஒருவர் காணாமற்போனமையை மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடமளித்தது. உண்டு, இல்லை என்னும் இரண்டுக்கும் இடையில் மூன்றாவது நிலையொன்று உண்டென்பதைச் சட்டமும் ஏற்க நேர்ந்தது. எனினும் இதனைப் பறவையின் கதையோடு ஒன்றாக வைத்தெண்ணுதல் தவறாகும். மெல்லலகுக் கோட்டானின் முடிவை அறிந்து மறைப்பவர் எவருமிலர். அங்கு அறியாமை அனைவர்க்கும் பொது. மனிதர் காணாமற்போகுமிடத்து, விடையை அறிந்தவர் இருத்தல் கூடும். அங்கே இருள் நிறைந்த அறைக்கு விளக்கேற்றும் கடமை தேடுபவர்க்கு மட்டும் உரியதன்று. திறவுகோலை வைத்திருப்பவர்க்கும் உரியது. அக்கடமை நிறைவேறாதவரை ‘இல்லை’ என்று சொல்லுமாறு தேடுபவரை வற்புறுத்துதல், அளவையாலும் பிழை, அறத்தாலும் பிழை.

இவ்வாறு நோக்குமிடத்து, ‘இல்லை’ என்று கூறுவோர் தம்மையே வினவிக்கொள்ள வேண்டியவை மூன்று எனலாம். தேடிய இடம், அப்பொருள் இருக்கத்தக்க இடந்தானா? தேடிய காலம், அது வெளிப்படத்தக்க காலந்தானா? தேடிய கண், அதனை அறியத்தக்க பயிற்சியும், காணாமையையும் மறைக்காது எழுதும் நேர்மையும் உடையதா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கூறக்கூடியவர் சொல்லும் ‘இல்லை’யும் பிற்காலத்திற் பொய்க்கலாம், பேர்முடாவின் பாறைத்திட்டுகள் அதற்குச் சான்று. பொய்த்தாலும் அவர் குற்றவாளியாகார். தாம் எவ்வளவு தேடினார் என்பதை அவர் உடன் எழுதிவைத்திருப்பதால், திருத்துபவர் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மேர்ஜா சேர்காவின் சேற்றுத்தரையில் இன்றும் குளிர்காலத்திற் பிற கரைப்பறவைகள் இரைதேடுகின்றன. அவற்றிடையே மெல்லிய அலகுடைய ஒன்று நிற்கின்றதா என்று தொலைநோக்கியைத் திருப்புவோர் இனியும் இருப்பர். அறிவிப்பு வெளிவந்த பின்னரும் அவ்வாறு பார்ப்பது அறிவுக்கு மாறானதன்று. அவ்வறிவிப்பு தேடலின் பயனாக வந்ததாகையால், அதனைச் சோதிக்கும் உரிமையும் தேடலுக்கே உண்டு. அவர்கள் மாலையில் எழுதவேண்டிய வரி ஒன்றே: நாள், இடம், நேரம், காணவில்லை.